பழைய காரின் இன்ஜின்: பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் போடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்னதாக ஒரு கார் பட்டறை நடத்துகிறேன். மாருதி 800, ஆல்ட்டோ, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் டீசல், இண்டிகா என்று வயதான வண்டிகள்தான் அதிகம் வரும். மாதத்துக்கு நாலைந்து பேராவது வந்து உட்கார்ந்ததும், "ஏனுங்க, பேசாம வேற இன்ஜினே போட்டுறலாமுங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பின்னால் வரும் கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வண்டி புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. இன்ஜின் போய்விட்டது என்கிறார்கள். அப்படித்தானா?

புகை என்ன நிறம், எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான். இரவெல்லாம் வால்வு தண்டு வழியாகச் சொட்டிய ஆயில் காலையில் எரிகிறது, அவ்வளவுதான். அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதே இல்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

கருப்புப் புகை டீசல், பெட்ரோல் சரியாக எரியாததால் வருவது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார் என்று வேறு திசையில் தேட வேண்டும். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தால், தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன. சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வளைந்திருக்கலாம், விரிசல்கூட விட்டிருக்கலாம். மூடியில் மட்டும் லேசாக இருந்து, ஆயில் குச்சியில் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில், இன்ஜின் சூடேறாமல் ஈரம் அப்படித் தேங்குவது உண்டு.

டர்போ உள்ள டீசல் வண்டியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால், ஆயில் குடிப்பது இன்ஜினா டர்போவா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். டர்போ சீல் போனதற்கு இன்ஜினைப் பிரித்துப் போட்ட கதை ஒன்றிரண்டு எனக்குத் தெரியும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்தால் தெரிந்துவிடுமா?

பாதி தெரியும். ஆனால் அந்தப் பாதியைக்கூடப் பார்க்காமல்தான் பல இன்ஜின்கள் இறக்கப்படுகின்றன.

பெட்ரோல் இன்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைக்க வேண்டும். பேட்டரி பலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா எண்ணும் பொய். நல்ல இன்ஜின் பெரும்பாலும் 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். அந்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

போன வருடம் கேஸ் கிட் போட்ட ஒரு மாருதி 800 வந்தது. இழுவை இல்லை, ஐடிலில் ஆடுகிறது. வேறு இன்ஜின் பேசி முன்பணமும் கொடுக்கத் தயாராக வந்திருந்தார் உரிமையாளர். கேஜ் வைத்தோம். முதல் சிலிண்டர் 170, இரண்டாவது 165, மூன்றாவது 95. மூன்றாவதில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றினோம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து எண் சட்டென்று ஏறும். ஏறவில்லை, 100-ஐத் தொட்டு நின்றது. அப்படியென்றால் கோளாறு கீழே இல்லை, மேலே. ஹெட்டைக் கழற்றினால், மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகத்துண்டு அளவு எரிந்து காணாமல் போயிருந்தது. கேஸில் ஓடும் வண்டிகளில் வால்வும் சீட்டும் இப்படி அடிபடுவது சகஜம். வால்வு மாற்றி, சீட் வெட்டி, ஹெட்டை மட்டம் பார்த்துப் போட்டோம். வண்டி இன்னும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கலாம். எல்லா சிலிண்டரும் குறைந்து, ஆயில் விட்டதும் எல்லாமே ஏறினால், சரி, இன்ஜின் இறக்கும் பேச்சை ஆரம்பிக்கலாம்.

டீசலுக்கும் இதே மாதிரிதானா?

கேஜ் வேறு, ஏனென்றால் அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். டீசலில் ஆயில் ஊற்றிப் பார்க்கும் வித்தை வேண்டாம், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும் அபாயம் உண்டு. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வந்தால் பரவாயில்லை. மூடியைத் தூக்கி அடிக்கிற மாதிரி புகையோடு வந்தால், அதைத்தான் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள், அதாவது ரிங் இடுக்கு வழியாக அழுத்தம் கீழே கசிகிறது. அந்த முடிவுக்கு வரும் முன்னால், உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

இன்ஜினைப் பிரித்தாயிற்று. இப்போது எதை வைத்து முடிவு செய்வது?

அளவை வைத்து. கண்ணால் பார்த்தோ, கையால் தடவியோ அல்ல. தடவினால் ஓரளவு தெரியும்தான். சிலிண்டரின் மேல் விளிம்பில் விரலை வைத்து நகத்தைக் கீழிருந்து மேலே இழுத்தால், ரிங் வந்து திரும்பும் இடத்தில் ஒரு திட்டு தட்டும். நகம் அங்கே சிக்கி நின்றால் போர் தேய்ந்திருக்கிறது. சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல செய்தி. கண்ணாடி மாதிரி பளபளத்தால் கெட்ட செய்தி.

ஆனால் பணம் போடும் முடிவுக்கு லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை. நாலு சிலிண்டருக்கு 24 அளவுகள். ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜினின் போர் 69.6 மி.மீ. அண்மையில் பார்த்த ஒன்றில் மேலே 69.73, கீழே 69.63. வித்தியாசம் 0.10 மி.மீ. நம் தலைமுடி ஒன்றின் தடிமனை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலான கார் இன்ஜின்களுக்கு அதுதான் எல்லை. அங்கே ரிங் மட்டும் மாற்றிப் புண்ணியமில்லை. போர் செய்து, அதாவது துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

அடுத்தது கிராங்க், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு. அதன் ஜர்னல்களை (பேரிங் உட்காரும் பகுதிகளை) மைக்ரோமீட்டரில் அளந்து, கோடு விழுந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஏற்கெனவே ஒருமுறை கிரைண்டிங் ஆன கிராங்க் என்றால் இன்னொரு முறை தாங்குமா என்று லேத்காரரிடமே கேளுங்கள். ஹெட்டுக்கு ஸ்டிரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து மட்டம் பார்ப்பார்கள். 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் மட்டம் தட்ட வேண்டும். அலுமினிய ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுவதும் நல்லது.

பிளாக், கிராங்க், ஹெட் இந்த மூன்றும் அளவுக்குள் அடங்கினால், உங்கள் இன்ஜினையே வேலை பாருங்கள் என்பதுதான் என் கட்சி. அந்த இன்ஜின் இதுவரை எப்படி ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். வெளியில் வாங்கும் இன்ஜினைப் பற்றி விற்பவர் சொல்வது மட்டும்தான் தெரியும்.

ரிங்கை மட்டும் மாற்றிக் கொஞ்ச நாள் ஓட்டி விற்றுவிடலாமா?

போர் அளவுக்குள் இருந்தால் ரிங் மாற்றி ஹோனிங் செய்வது (சிலிண்டர் சுவரில் மெல்லிய கோடுகள் விழ உரசுவது) முறையான வேலைதான். அளவைத் தாண்டிய போரில் புது ரிங் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே புகை திரும்ப வந்துவிடும். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லி விற்பதாக இருந்தால், அந்தப் பணத்தை இன்ஜினில் போடாமல் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் இன்ஜினை மாற்றுவது?

கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால். பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டால். ஆயில் இல்லாமல் ஓடி, கிராங்க்கும் பிளாக்கில் மெயின் பேரிங் உட்காரும் இடமும் சேர்ந்தே கெட்டுவிட்டால். ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போர் ஆகி, ஸ்லீவ் (சிலிண்டருக்கு உள் உறை) போடவும் இடமில்லை என்றால். சில புது இன்ஜின்களுக்குக் கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டனே தருவதில்லை, அங்கேயும் இந்த யோசனை வரும்.

இன்னொரு காரணம் நேரம். நன்றாக ஒரு இன்ஜின் வேலை பார்க்க, லேத்தில் வரிசை, பாகம் வருவது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். டாக்சி ஓட்டுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் நல்ல இன்ஜின் கிடைத்தால் மாற்றிக்கொண்டு போவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறதே, நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கலாம். பார்க்காமல் வாங்கி நானே பட்டிருக்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில், என் மாமாவின் ஸ்விஃப்ட் டீசலுக்கு ஓர் ஊரிலிருந்து லாரியில் இன்ஜின் வரவழைத்தோம். பளபளவென்று கழுவிக் கறுப்பு பெயின்ட் அடித்து வந்தது. ஏற்றிப் பொருத்தி, நாலு மாதம் ஓடியது. அப்புறம் கடகடவென்று அடிச்சத்தம். ஆயில் சம்ப்பைக் கழற்றினால் உள்ளே செம்மண் படலம், ஸ்டிரெய்னர் வலை முழுக்க அடைப்பு. வெள்ளத்தில் முங்கிய வண்டியின் இன்ஜின் அது. விற்றவரைக் கூப்பிட்டால், 'ஏத்தும்போது நல்லாத்தான சார் இருந்துச்சு' என்றார். மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் அந்த இன்ஜினை விசாரிப்பார்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் முங்கிய கார்களுக்குக் கணக்கே இல்லை. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. அந்த இன்ஜின்கள் எல்லாமே உருக்காலைக்குப் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினை ஸ்டார்ட் செய்திருந்தால் ராடு வளைந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அதனால், கழுவிப் பெயின்ட் அடித்த இன்ஜினைவிட அழுக்கோடு இருக்கும் இன்ஜினே எனக்குப் பிடிக்கும். எங்கே ஆயில் ஒழுகியது என்று அழுக்கு சொல்லிவிடும். வால்வு கவரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே தேன் நிறம் என்றால் நல்லது, தார் மாதிரி கட்டி தட்டியிருந்தால் வேண்டாம். ஆல்டர்னேட்டர் இடுக்கிலும் ஃப்ளைவீல் பக்கத்திலும் வண்டல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். முடிந்தால் சம்ப்பையும் இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கிராங்க்கோ போரோ கெட்டிருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். எத்தனை நாள் என்பதையும் எழுத வேண்டும்.

இன்னொன்று, ஒரே பெயர் கொண்ட இன்ஜின் என்பதால் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஃபியட் உருவாக்கிய அந்த 1.3 டீசல் மாருதியிலும் டாடாவிலும் ஃபியட்டிலும் வந்தது. டர்போ, இன்ஜெக்டர், வயரிங், மவுன்ட் எல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் மாடல், வருடம், பி.எஸ். (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வகை மூன்றும் பொருந்துகிற இன்ஜினாகத் தேடுங்கள்.

வேறு இன்ஜின் போட்டால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ஆர்.சி.யில் சேஸிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் இருக்கிறது. இன்ஜின் எண் பிளாக்கில் அடிக்கப்பட்டிருக்கும். அதனால் பிளாக் மாறினால் எண்ணும் மாறிவிடும். போர் செய்தாலும், பிஸ்டன், கிராங்க், ஹெட் எது மாறினாலும் எண் அதேதான். உங்கள் இன்ஜினையே வேலை பார்ப்பதில் இது ஒரு பெரிய நிம்மதி.

வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிச் சொல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வாங்கிய இன்ஜினின் பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாள்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை நடக்கும். தாள் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கும்போதோ, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கும்போதோ மாட்டிக்கொள்வார்கள்.

பெட்ரோல் வண்டிக்கு டீசல் இன்ஜின்?

ஒரு காலத்தில் அம்பாசிடருக்கு மேட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அந்தக் காலத்தில் வண்டி என்றால் இரும்பும் நாலு வயரும்தான். இன்றைக்கு ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), சென்சார், புகைக் கட்டுப்பாடு என்று எல்லாமே பின்னிக் கிடக்கிறது. வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்? இவ்வளவு செலவு செய்ய வண்டிக்குத் தகுதி உண்டா?

எங்கள் பக்கம் ஸ்விஃப்ட் டீசலுக்கு முழு இன்ஜின் வேலை லட்சத்தை ஒட்டி வரும், டர்போவும் இன்ஜெக்டரும் சேர்ந்தால் தாராளமாகத் தாண்டும். மாருதி 800 மாதிரி சின்னப் பெட்ரோல் இன்ஜினுக்கு அதில் பாதிகூட ஆகாது. பழைய இன்ஜின் விலை இதைவிடக் குறைவாகத் தெரியும். அதோடு கிளட்ச், டைமிங் செயின் அல்லது பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கூலன்ட், ஏற்றி இறக்கும் கூலி, ஆர்.டி.ஓ. செலவு எல்லாம் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடும்.

தகுதியைப் பொறுத்தவரை நான் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் அடியைப் பார்ப்பேன். கதவுக்குக் கீழே ஓடும் ஓரப்பட்டி, முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடம், காலடித் தரை இந்த மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி என்றால் ஸ்க்ரூ டிரைவர் சில சமயம் உள்ளேயே போய்விடும். அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல இன்ஜின் போடுவது, ஓட்டை வீட்டுக்குத் தேக்குக் கதவு போடுவது போல. பாடி உறுதியாக இருந்து, மொத்தச் செலவு வண்டியின் சந்தை விலையில் பாதிக்குள் அடங்கினால் தைரியமாகச் செய்யலாம் என்பது என் கணக்கு. தாத்தா வாங்கிய வண்டி, அம்மா ஓட்டப் பழகிய வண்டி என்றால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள், அது வேறு விஷயம்.

ஆர்.சி. வயதையும் பார்க்க வேண்டும். கார் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025-ல், 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பதினான்கு வயது வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பவர், அடுத்த வருடம் வரப்போகும் இந்தச் செலவையும் சேர்த்தே எழுதிப் பார்க்க வேண்டும். டெல்லியைப் போலப் பத்து வருட டீசல் கூடாது என்ற தடை இங்கே இல்லை.

ஒருமுறை பிரித்த இன்ஜின் பழையபடி நிற்காது என்கிறார்களே?

நிற்காத இன்ஜின்களில் பாதி, முதலில் கெட்ட காரணத்தைச் சரிசெய்யாமலே மூடப்பட்டவை. ஹீட் ஆகி ஹெட் வளைந்தது என்றால் ஏன் ஹீட் ஆனது? ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் வெறும் தண்ணீர் கூடாது, கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். அந்த ரேடியேட்டரையே துடைத்து மாட்டினால், புது ஹெட் கேஸ்கெட்டும் அடுத்த கோடையில் போகும்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம், வெயில் காலம் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், பெட்ரோல் ஆயிலில் கலக்கும், போர் சீக்கிரம் தேயும். வேலை முடிந்து வரும் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேரிங் போன இன்ஜின் என்றால் ஆயில் கூலரிலும் டர்போவுக்குப் போகும் குழாயிலும் இரும்புத்தூள் ஒளிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் புது பேரிங்குக்கும் அதே கதிதான்.

மீதிப் பாதி அவசரம். போர் ஆன பிளாக்கை டீசலில் அலசினால் போதாது. சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். ஹோனிங் தூள் உள்ளே தங்கினால் புது ரிங்கை அதுவே அரைத்துவிடும்.

பாகங்கள் கம்பெனியில்தான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. இந்தியா பிஸ்டன்ஸ், ரானே, பைமெட்டல் பேரிங்ஸ் என்று நம் ஊர்க்காரர்களே வண்டித் தயாரிப்பாளர்களுக்குப் பாகம் கொடுக்கிறார்கள். நல்ல கடையில், பில்லோடு, சீல் உடையாத பெட்டியாக வாங்குங்கள். ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின் செட், ஹெட் போல்ட் இவற்றில் மட்டும் நான் மலிவு பார்ப்பதில்லை. இழுபட்டு நீளும் வகை ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது.

வேலை முடிந்ததும் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகலாமா?

இதை எல்லோரும் கேட்கிறார்கள். முதல் 1,000 கிலோமீட்டர் வரை பொறுங்கள். முழு லோடோடு பர்லியாறு ஏற்றத்தில் புது ரிங்கைப் பழக்க வேண்டாம். அதற்காக வீட்டு வாசலில் ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடுவதும் தப்பு, ரிங் போரோடு ஒட்டிப் பழகாது. அவினாசி ரோட்டில் ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல், கியரையும் வேகத்தையும் மாற்றி மாற்றி மிதமாக ஓட்டுங்கள். தினமும் காலையில் ஆயில் குச்சியையும் கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஆனதும் வண்டியைக் கொண்டு வாருங்கள். ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்ப்போம். முதல் ஆயிலில் லேசாக மினுமினுப்பு இருக்கும், அது சரிதான். செதில் செதிலாக இருந்தால் அன்றைக்கே சம்ப்பைக் கழற்றிவிடுவேன். ஊட்டிக்கு அறை போட்டிருந்தால் அதை ஒரு வாரம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.